கோவில்களுக்கு மேலே ஒரு கிராமம்

யாவாத் தீவைப் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளுக்கு வழக்கமான பாதையொன்று உண்டு. மணிமேகலையிலே வரும் சாவக நாட்டிலே தொடங்கி, பல்லவர் எழுத்தைத் தொட்டு, பொரொபுதூரிலும் பிரம்பானனிலும் சற்று நின்று, கடல் கடந்த பெருமையைப் பேசி முடிந்துவிடும் பாதை அது. அப் பாதையிலே மனிதர் எவரும் எதிர்ப்படுவதில்லை. கல் இருக்கும், கல்லைச் செதுக்கிய கையின் புகழ் இருக்கும். அக் கல்லுக்கு அருகே இன்று மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பவன் யார், அவன் எதை விளைவிக்கிறான், எதற்கு அஞ்சுகிறான் என்ற கேள்வி எழுவதேயில்லை. எனவே, நடு யாவாவின் டியெங் மேட்டுநிலத்தையும், அதன் உச்சியிலே ஒட்டிக்கொண்டிருக்கும் செம்புங்கான் என்னும் சிற்றூரையும் பற்றி இங்கே சில சொல்ல விரும்புகிறோம். கோவில்களும் வரும், ஆனால் அவற்றுக்காக நாம் அங்கே போகவில்லை.

டியெங், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரத்திலே, பழைய எரிமலையொன்றின் வாய்க்குள் அமைந்த நிலம். வொனோசோபோ நகரிலிருந்து 26 கிலோமீற்றர் தூரம் மலைப்பாதையிலே வளைந்து வளைந்து ஏறவேண்டும். தெய்வங்கள் உறையும் இடம் என்ற பொருளிலே வழங்கிய பழஞ்சொல்லே டியெங் என்று மருவிற்று என்பர். தெய்வங்கள் உறைவதற்கு ஏற்ற இடந்தான். மனிதருக்குச் சற்றுக் கடினம். நிலத்தின் வெடிப்புகளிலே கந்தகப் புகை எழுகிறது, சேறு கொதிக்கிறது, ஏரியொன்று பச்சையும் நீலமுமாக நிறம் மாறுகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாத இரவுகளிலே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கிப் புல்லின்மேல் வெண்பனி உறைகிறது. வெப்ப நாட்டிலே உறைபனி என்று உல்லாசப் பயணிகள் ஓடிவந்து படம் பிடிக்கின்றனர். உழவர் அதற்கு இட்டிருக்கும் பெயர் 'எம்புன் உப்பாஸ்'. நச்சுப்பனி என்பது அதன் பொருள். ஓர் இரவிலே கிழங்குச் செடியைக் கருக்கிவிடும் பனிக்கு வேறென்ன பெயர் வைப்பது?

கோவில்கள் நிற்கும் தளத்திலிருந்து மேலும் ஏறத்தாழ 300 மீற்றர் ஏறினால் செம்புங்கான். யாவாவிலே இதற்கு மேல் ஊரில்லை என்று ஊர்மக்கள் பெருமை கொள்வர். செபொங் என்னும் சிறிய ஏரி. அதை ஒட்டி, தட்டுப்பாடான நிலத்திலே தோளோடு தோள் உரசி நிற்கும் வீடுகள். வீடுகளுக்குப் பின்னே தொடங்கி மலைமுகடு வரை ஏறிச்செல்லும் உருளைக்கிழங்குப் பாத்திகள். பக்கத்திலுள்ள சிக்குனிர்க் குன்றிலிருந்து பார்த்தால் சூரியோதயம் அற்புதம் என்ற செய்தி பரவியதிலிருந்து, விடியுமுன் கைவிளக்கோடு ஏறுவோர் கூட்டம் பெருகியிருக்கிறது. ஊரிலே பலர் வீட்டின் அறைகளை வாடகைக்கு விடுகின்றனர். ஆயினும் ஊரின் உயிர் இன்னும் கிழங்கிலேதான்.

இனிக் கோவில்கள். ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளிலே எழுந்தவை. யாவாவிலே இன்று நிற்கும் கற்கட்டடங்களுள் மிகப் பழையவற்றைச் சேர்ந்தவை. 1814 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் கண்டபோது அவை ஏரிநீரிலே மூழ்கி நின்றன. நீரை வடித்தே வெளிக்கொணர்ந்தனர். எட்டுச் சிறு கோவில்கள் எஞ்சியுள்ளன. அர்ஜுனன், பீமன், கடோற்கசன், சுபத்திரை, சிகண்டி என்று அவை பெயர் தாங்கி நிற்பதைக் கண்டதும் நம்மவர் மெய்சிலிர்க்கின்றனர். அவசரப்படவேண்டாம். இவை சிவனுக்கு எடுத்த கோவில்கள்; பாண்டவர் பெயர்கள், கட்டியோர் மறைந்து பன்னெடுங் காலத்தின் பின்னர் ஊரார் இட்டவை. ஊரார் அறிந்த பாரதமோ நமது பாரதமன்று. நிழற்கூத்திலே அவர்கள் கண்டு வளர்ந்தது. அதிலே சிகண்டி வில்லேந்திய வீராங்கனை, அர்ஜுனனின் மனைவியருள் ஒருத்தி. அர்ஜுனன் கோவிலுக்கு எதிரே நிற்கும் சிறு கட்டடத்தின் பெயர் செமார். செமார் என்பவன் வியாசரின் நூலிலே எங்கும் இல்லாதவன்; தொந்தியும் தொங்கிய முகமுமுள்ள பணியாளன், கோமாளி, அதே வேளையிலே தெய்வங்களுக்கும் மூத்தவன் என்று யாவானியர் போற்றுபவன்.

அர்ஜுனன் கோவிலிலே தென்னாட்டுச் சாயலைக் காண்போர், சற்றுத் தூரம் நடந்து பீமன் கோவிலைப் பார்த்தால் வட இந்தியச் சிகரத்தின் சாயலைக் காண்பர். கி.பி. 809 ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டொன்று இங்கே கிடைத்தது. அதன் எழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்ததே. தொடர்பு உண்மை, அதை மறுப்பாரில்லை. ஆனால் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் போய்ச் சேர்ந்த ஓர் எழுத்தைக் காட்டி அம் மலை முழுவதையும் நம் பெயரிலே பதிவுசெய்துகொள்வது, விருந்துக்குப் போனவன் வீட்டுக்கு உரிமை கேட்பது போன்றது.

மலையின் இன்றைய கதை உருளைக்கிழங்கின் கதை. ஒரு காலத்திலே இங்கே சோளமே உணவு. புகையிலையும் கோவாவும் காசுப்பயிர். புகையிலையை வெயில் காணாத குளிரிலே நெருப்பு மூட்டி உலர்த்துவார்கள். 1980 களிலே உருளைக்கிழங்கு பெருமளவிலே பரவிற்று. கிரனோலா என்னும் இனம் இக் குளிருக்கும் எரிமலை மண்ணுக்கும் இசைந்தது. மூன்று நான்கு மாதங்களிலே கிழங்கு. ஆண்டிலே இரண்டு போகம், சிலர் மூன்று. சோளச்சோறு உண்டவர் அரிசிச்சோறு உண்டனர். மண்தரை வீடுகள் ஓடு பதித்த வீடுகளாயின. பிள்ளைகள் நகரக் கல்லூரிகளுக்குப் போயினர். கிழங்கு விற்ற பணத்திலே ஹஜ் யாத்திரை சென்று மீண்டவர் இம் மலையிலே பலர். இதையெல்லாம் முதலிலே சொல்லிவிடுவது நீதி. ஏனெனில், டியெங்கைப் பற்றி இன்று எழுதுவோர் பலர் இதை விட்டுவிட்டு, அடுத்த பந்தியிலே நாம் சொல்லப்போவதை மட்டும் சொல்கின்றனர்.

உருளைக்கிழங்கு நீர் தேங்கினால் அழுகும். ஆகவே பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைக்காமல், மேலிருந்து கீழாக, நீர் விரைந்து ஓடும்படி அமைக்கின்றனர். மழை பெய்யும்போது நீரோடு மண்ணும் ஓடுகிறது. இந்தச் சிறிய செய்தியிலே டியெங்கின் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது. குறுக்கே பாத்தி போட்டால் மண் தங்கும், கிழங்கு போகும். நெடுக்கே போட்டால் கிழங்கு தங்கும், மண் போகும். இன்று வாழவேண்டியவன் எதைத் தெரிந்தெடுப்பான்? மண் மெலிய மெலியக் கோழி எருவை மூடை மூடையாகச் சமவெளியிலிருந்து ஏற்றிவருகின்றனர். இலையைக் கருக்கும் நோய்க்கு மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்கின்றனர். 2003 ஆம் ஆண்டிலே யாவாவிலே கண்டறியப்பட்ட, வேரைத் தாக்கும் நுண்புழு இங்கும் வந்து சேர்ந்தது. விதைக்கிழங்கு, எரு, மருந்து மூன்றும் காசுக்கு வெளியிலிருந்து வருபவை. விலையை நிர்ணயிப்பவனும் வெளியிலே இருப்பவனே. வறண்ட மாதங்களிலே ஏரிகளிலே இயந்திரம் வைத்து, குழாய் வழியே மலைமேல் நீர் இறைக்கின்றனர்; ஏரிகள் சுருங்குகின்றன.

1998 ஆம் ஆண்டிலே சுகார்த்தோவின் ஆட்சி விழுந்தபோது நாடெங்கும் காவல் தளர்ந்தது. மலைமுகடுகளிலே அரச காட்டுக் கூட்டுத்தாபனத்துக்கு உரிய காடு நின்றது. நெடுங்காலம் தமக்கு மறுக்கப்பட்ட நிலம் என்று கருதிய மக்கள் அதற்குள் நுழைந்தனர். சில ஆண்டுகளுக்குள் காடு இருந்த சரிவுகளிலே பாத்திகள் ஏறின. அன்று வெட்டியவர் எல்லோரும் ஏழை உழவரல்லர். மரத்தை விலைபேசி இறக்கியோர் வேறு பலரும் இருந்தனர். ஆனால் பழி எளிதாக ஒட்டுவது, இன்னும் அங்கேயே குடியிருப்பவன்மேல்தான்.

அம் மலையிலேதான் செராயு ஆறு பிறக்கிறது. பீமன் தோண்டிய ஆறு என்று கதை சொல்வர். ஊற்றுக்கும் பீமன் பெயரே. மலையிலிருந்து இறங்கும் மண் அவ்வாற்றோடு பஞ்சார்நெகாராவுக்குக் கீழேயுள்ள ம்ரிச்சா நீர்த்தேக்கத்திலே போய்ப் படிகிறது. 1980 களின் இறுதியிலே ஏறத்தாழ 180 மெகாவாற்று மின்சாரத்துக்காக அமைக்கப்பட்ட அத் தேக்கத்தின் கொள்ளளவிலே பாதிக்கு மேல் வண்டல் நிறைந்துவிட்டது. செம்புங்கானின் வயல்மண் மின்நிலையத்தின் வாசலிலே கிடக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

உழவரின் பேராசையே இதற்குக் காரணம் என்பது நகரத்தாரின் தீர்ப்பு. இத் தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. அம் மலைக்கு இத்தகைய தீர்ப்பு புதியதுமன்று. 1955 ஏப்ரில் 16 ஆம் திகதி இரவு, லெகெத்தாங் என்னும் குக்கிராமத்தின்மேல் அருகிலிருந்த மலை சரிந்து விழுந்தது. ஊரார் 332 பேரும் விருந்தினராக வந்திருந்த 19 பேரும் மாண்டனர் என்று அங்கே நிற்கும் நினைவுத்தூண் கூறுகிறது. செல்வம் மிகுந்து, கூத்திலும் களியாட்டத்திலும் மூழ்கித் தொழுகையை மறந்த ஊரை இறைவன் தண்டித்தான் என்று இன்றும் கதை சொல்கின்றனர். மண்ணுக்கடியிலே போன குழந்தைகள் எந்தக் களியாட்டம் ஆடின? விளைச்சல் கண்டு நிமிர்ந்த உழவனுக்கு அழிவு வந்தால் அது அவன் பாவத்தாலேதான் என்று சொல்வது உலகெங்கும் உள்ள பழக்கம் போலும். அன்று சமயத்தின் பெயராலே சொன்னதை இன்று சுற்றாடலின் பெயராலே சொல்கின்றனர், குரல் மாறவில்லை.

இவ்வளவு ஆபத்தென்றால் ஏன் அங்கே இருக்கவேண்டும் என்று கேட்போரும் உண்டு. 1979 பெப்ரவரி 20 ஆம் திகதி விடியுமுன் சினிலா என்னும் எரிமலை வாய் வெடித்தது. பயந்த மக்கள் பாத்தூர் நோக்கி மேற்கே ஓடினர். வழியிலே திம்பாங் வெடிப்பிலிருந்து காபனீரொட்சைட்டு வாயு பாய்ந்து பள்ளங்களிலே தேங்கிக் கிடந்தது. நிறமில்லை, மணமில்லை. 149 பேர் ஓடிய பாதையிலேயே வீழ்ந்து கிடந்தனர். 2011 இலும் திம்பாங் வாயு உமிழ, அண்டை ஊரார் வெளியேற்றப்பட்டனர், பின்னர் திரும்பினர். திரும்பியது அறியாமையால் அன்று. கொல்லும் மலைதான் சோறும் போடுகிறது. எரிமலைச் சாம்பல் மண்ணைப் போன்ற மண்ணை வேறெங்கே காண்பது? சமவெளியிலே அவர்களுக்காக ஒதுக்கிய காணி ஏதும் காத்துக்கிடக்கவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். டியெங்கிலே சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டபின் முடி தானாகவே சடைபிடித்துவிடும். 'ரம்புட் கிம்பால்' என்பர். முன்னோராகிய கியாய் கொலொடெத்தேயின் அருள் அது என்பது நம்பிக்கை. பெற்றோர் நினைத்த நேரத்திலே அதை வெட்டிவிட முடியாது. வெட்டலாம் என்று குழந்தையே சொல்லவேண்டும். சொல்லும்போது ஏதேனும் ஒன்றைக் கேட்கும். ஆட்டுக்குட்டியாகவும் இருக்கலாம், சைக்கிளாகவும் இருக்கலாம். கேட்டதைக் கேட்டபடி கொடுத்தபின் சடங்கு செய்து, சடையைக் களைந்து, நீரிலே விடுவர். கொடுக்காமல் வெட்டினால் சடை மறுபடியும் வளரும், நோயும் திரும்பும் என்பது அவர்கள் துணிபு. 2010 இலிருந்து இது பெரு விழாவாக, கோவில் முன்றிலிலே, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையிலே நடைபெற்றுவருகிறது. விழாவின் ஆரவாரம் நமக்கு உவப்பாயில்லை. சடங்கின் நியாயம் உவப்பாயிருக்கிறது.

அந் நியாயத்தை அதிகாரிகள் கிழங்கு விடயத்திலே கைக்கொள்ளவில்லை. மரம் நடுங்கள் என்று கன்றுகளை இறக்கிவிட்டுப் போகின்றனர். கன்று பலன்தரச் சில ஆண்டுகள். கிழங்குக்கோ நூறு நாள். இடைப்பட்ட ஆண்டுகளிலே உழவன் எதை உண்பான் என்ற கேள்விக்கு விடையில்லாதபோது, கன்றைச் சுற்றிக் கிழங்கு நடுவதும், நிழல் விழத் தொடங்கியதும் கன்றைப் பிடுங்குவதும் இயல்பே. கரிக்கா என்னும் மலைப்பப்பாசி அங்கே நன்றாக விளைகிறது. பாகிலிட்டு போத்தலிலே அடைத்து விற்கின்றனர். பல குடும்பங்களுக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, அது வருவாய். வரப்புகளிலே அதை வளர்ப்போர் உளர். ஆனால் பயணிகள் கொண்டுபோகும் போத்தல்களை நம்பி ஒரு மலை முழுவதும் கிழங்கைக் கைவிட முடியாது.

செராயுவின் நீரை விற்றுப் பணமாக்கும் மின்நிலையம் கீழே இருக்கிறது. டியெங்கிலேயே நிலத்தின் வெப்பத்தை எடுத்து 60 மெகாவாற்று ஆற்றலுள்ள நிலையமொன்று 2002 இலிருந்து இயங்குகிறது. சூரியோதயத்துக்கும் கோவிலுக்கும் நுழைவுச் சீட்டு விற்கின்றனர். மலையிலிருந்து பயன்பெறுவோர் இத்தனை பேர் இருக்க, மலையைக் காக்கும் செலவை மட்டும் சிறு துண்டு நிலம் வைத்திருப்பவன் தலையிலே கட்டுவது என்ன முறை? மரம் வளரும் ஆண்டுகளுக்கு அவனுக்குக் கூலி கொடுக்கட்டும்; மண்ணைத் தடுத்து நிறுத்தும் ஒவ்வொரு வரப்புக்கும் கொடுக்கட்டும். தேக்கத்திலிருந்து வண்டலை வாரும் செலவோடு ஒப்பிட்டால் இது பெருந்தொகையாகாது என்பது நமது கருத்து.

இதை யார் தொடங்குவது என்பதிலே வேறொரு சிக்கல். மேட்டுநிலத்தின் நடுவே நிருவாக எல்லை ஓடுகிறது. கோவில்களும் கொதிக்கும் சேறும் பஞ்சார்நெகாரா மாவட்டத்துக்கு; நிறம் மாறும் ஏரியும் சிக்குனிரும் செம்புங்கானும் வொனோசோபோவுக்கு. சீட்டு விற்கும் சாவடிகளும் அப்படியே வெவ்வேறு. மழைநீர் மட்டும் எல்லை பாராமல், இரு பக்கத்து மண்ணையும் சேர்த்துக்கொண்டு செராயுவில் இறங்கிக்கொண்டிருக்கிறது.