ஒரு மாதிரி, பல அலகுகள்: தேயிலை ஆலையின் கட்டுப்பாடு

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், அகத்தியர் மலையின் அடிவாரத்தில் உள்ள போனக்காட்டில், வெள்ளையர் காலத்தில் எழுந்த தேயிலைத் தோட்டம் ஒன்று உண்டு. அதன் ஆலை இன்று இயங்கவில்லை. துருவேறிய இயந்திரங்களும், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் லயங்களும் எஞ்சி நிற்கின்றன. இத்தகைய மலை ஆலை ஒன்றை மீண்டும் இயக்க வேண்டுமாயின், இயந்திரங்களைச் செப்பனிடுவது மட்டும் போதாது. அவற்றை ஆளும் கட்டுப்பாட்டு முறை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதும் ஆராயத்தக்கதாகும்.

தேயிலைத் தயாரிப்பு ஐந்து படிகளை உடையது: வாட்டல், உருட்டல், நொதித்தல், உலர்த்தல், தரம் பிரித்தல். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீரே. வாட்டும் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றைச் செலுத்தி அந்நீரின் ஒரு பகுதியைப் போக்குகின்றனர். இறுதியில் உலர்த்தும் பொறியிலிருந்து வெளிவரும் தேயிலையில் ஏறக்குறைய 3 சதவீத ஈரமே எஞ்சலாம். எந்தப் படியில் தவறு நேரினும் அன்றைய கொழுந்து முழுவதும் தரம் குன்றும், விலையும் குறையும்.

ஓர் ஆலையில் பத்துத் தொட்டிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றிற்கும் விசிறி, வெப்பமானி, ஈரமானி, வெந்காற்று மடல், அபாய மணி ஆகியவை உண்டு. பத்துக்கும் பத்துக் கட்டுப்பாட்டு நிரல்களைத் தனித்தனியே எழுதுவது ஒரு வழி. தொட்டிக்குரிய மாதிரி ஒன்றை மட்டும் வகுத்து, நன்கு சோதித்து, அதிலிருந்து பத்து அலகுகளைப் பெறுவது மற்றொரு வழி. தொட்டியின் நீளம், கொழுந்தின் எடை, வெப்ப வரம்பு போன்ற அளவுகள் மட்டுமே அலகுக்கு அலகு மாறும். செங்கல் அறுப்போன் கல்லுக்கொரு அச்சுச் செய்வதில்லை அன்றோ?

இம்முறை புதியதன்று. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1993-இல் வெளியிட்ட நியமம், கட்டுப்பாட்டுப் பொறிகளுக்கான நிரல்மொழிகளில் இத்தகைய செயற்கூறுகளுக்கு இடமளித்தது. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒரு மாதிரியிலிருந்து அதன் இயல்புகளை உடைய வேறொரு மாதிரியைத் தோற்றுவிக்கவும் வகை செய்தது. பெரிய இரசாயன ஆலைகள் இதனால் பெரும்பயன் பெற்றுள்ளன. ஆயினும் இதன் தேவை சிறிய மலை ஆலைகளுக்கே மிகுதி எனலாம். பெரிய ஆலையில் பொறியியலார் எந்நேரமும் உளர். மலை ஆலையிலோ நள்ளிரவில் விசிறி நின்றால், டீ மேக்கரும் ஒரு மெக்கானிக்குமே துணை. ஒரு தொட்டியின் இயல்பை அறிந்தவர் பத்தின் இயல்பையும் அறிந்தவராவார். எழுதியவர் வேலையை விட்டுச் சென்றாலும் ஆலை திகைத்து நிற்காது.

எனினும், அச்சுக் கோணினால் அதில் வார்த்த கற்கள் அனைத்தும் கோணும். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து புறப்பட்ட ஏரியான் 5 இராக்கெட்டு, 40 விநாடிகளுக்குள் நிலை தவறிச் சிதறியது. முந்தைய ஏரியான் 4-இல் பிழையின்றி இயங்கிய நிரற்பகுதி ஒன்று, அவ்வாறே புதிய இராக்கெட்டில் அமைக்கப்பட்டிருந்தது. புதியதன் கிடைவேகம் மிகுதி. அதைச் சார்ந்த எண், அதற்கென ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. உதவிக்கென வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல் இருந்தமையால், அதுவும் அவ்வாறே செயலிழந்தது. அந்நிரல் பழைய இடத்தில் குறையற்றதே. இடம் மாறியபொழுது அதன் வரம்பை எவரும் மீண்டும் சோதிக்கவில்லை.

தேயிலைத் தொட்டிக்கும் இது பொருந்தும். காற்றின் உலர் வெப்பநிலைக்கும் ஈர வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, வாட்டும் நேரத்தைக் கணிக்கும் மாதிரி ஒன்றைக் கருதுவோம். வறண்ட காற்றுள்ள ஊரில் அது செம்மையாக நடைபெறும். போனக்காட்டின் அடைமழையிலோ அவ்வேறுபாடு பூஜ்யத்தை அணுகும். கணித்த நேரம் எல்லையின்றிப் பெருகும். பத்துத் தொட்டிகளும் ஒரே இரவில் ஒரே தவறைச் செய்யும். தனித்தனி நிரல்களாயின் ஒன்றிரண்டேனும் தப்பியிருக்கக்கூடும்.

ஆகவே மாதிரிகளைக் கைவிட வேண்டுவதில்லை; வரம்பு குறிக்கப்படாத மாதிரியை ஏற்கலாகாது. ஒவ்வொரு மாதிரியுடனும் மூன்று விவரங்கள் தாய்மொழியில் எழுதப்பட்டு ஆலையிலேயே இருத்தல் வேண்டும்: எந்த அளவுகளுக்குள் அது சோதிக்கப்பட்டது, அளவு மீறின் என்ன செய்யும், கடைசியாக எப்பொழுது திருத்தப்பட்டது. புதிய இடத்தில் நிறுவும் களப்பணியாளர், அவ்விடத்தின் மிகக் கடிய மழைநாளை மனத்திற்கொண்டு அதனைச் சோதித்த பின்னரே கையொப்பமிடுதல் நன்று. தொழிற்பயிற்சி ஆசிரியர்களும், மாணவர் ஆக்கிய மாதிரியை அவர்கள் எதிர்பாராத அளவுகளைக் கொடுத்து இயக்கிப் பார்க்கும் பழக்கத்தைப் பாடத்தின் ஓர் அங்கமாக்கலாம். அதற்குப் பெரும் ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு விசிறியும் இரு வெப்பமானிகளும் ஈரத்துணியும் போதும்.