இரண்டாம் திரை யாருக்கு?

வீட்டுக் கணினியில் இரண்டு திரைகள் என்றவுடன் பங்குச் சந்தையில் உழல்வோரும் மென்பொருள் எழுதுவோருமே பலர் நினைவுக்கு வருகின்றனர். "தமிழ் வாத்தியாருக்கு எதற்கு இரண்டு?" என்று நம் வீட்டிலேயே கேட்டார்கள். பழம்பதிப்புகளைத் தட்டச்சு செய்வோருக்கும் மெய்ப்புத் திருத்துவோருக்குமே அது முதலில் வேண்டும் என்பது நமது கருத்து.

இக்கருத்துக்கு நாம் ஒரு பிழையின் வழியாக வந்து சேர்ந்தோம். பழைய உரைநூல் ஒன்றின் மின்வருடிய பக்கங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். சிறிய மடிக்கணினி, இடப்பாதியில் நூற்பக்கத்தை வைத்தால் எழுத்து எறும்பாகச் சுருங்கியது, பெரிதாக்கினாலோ பாதிப் பக்கம் மறைந்தது. ஆகவே ஆல்ட்-டாப் விசைகளை அழுத்தி நூலுக்கும் தட்டச்சுக்குமாகத் தாவிக்கொண்டிருந்தோம். அடுத்தடுத்த இரு வரிகள் 'என்க' என்றே முடிந்தன. கண் மீண்டு வந்தபோது முதல் 'என்க'வை விட்டு இரண்டாவதைப் பற்றிக்கொண்டது. இடையிலிருந்த ஒரு வரி முழுதும் ஒழிந்தது. பொருள் ஓரளவு தொடர்ந்தமையால் இரண்டு மெய்ப்புகளிலும் அது அகப்படவில்லை. மாணவர் ஒருவர் அச்சுநூலைக் கையில் கொண்டுவந்து கேட்டபோதுதான் தெரிந்தது.

ஏடெழுதுவோர் காலங்காலமாகச் செய்த பிழைதான் இது. அதற்காகவே ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, மற்றொருவர் தம் கையிலுள்ள படியோடு ஒப்புநோக்கும் வழக்கம் இருந்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஏட்டுப்படிகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். இரண்டு மூலங்களும் ஒருசேரக் கண்முன் இருத்தல் அத்தொழிலின் அடிப்படை. ஒற்றைத் திரையோ ஒன்றை மறைத்தே மற்றொன்றைக் காட்டுகிறது. தாவுகின்ற கணத்தில் நாம் நம்பியிருப்பது நினைவையே. நாற்பதைக் கடந்தோரின் நினைவைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒரு கணினியில் பல திரைகள் என்பது புதுமையன்று. 1987இல் வெளிவந்த மாக்கின்டோஷ் 2 கணினியிலும், பின்னர் விண்டோஸ் 98இலும் அவ்வசதி இருந்தது. இன்று பரணில் கிடக்கும் பழைய மானிட்டரே போதும். அதில் வி.ஜி.ஏ. மட்டுமே இருந்து, மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ. மட்டுமே இருந்தால் வெறும் கம்பி உதவாது; சமிக்ஞையை மாற்றித் தரும் அடாப்டர் வேண்டும். யு.எஸ்.பி.-சி துளை இருப்பதனாலேயே அது படத்தையும் அனுப்பும் என்று எண்ணிவிடலாகாது; சில துளைகள் மின்னூட்டத்துக்கும் தரவுக்கும் மட்டுமே உரியவை. நாம் இதை அறியாமல் ஒரு கம்பியை வாங்கி வீணாக்கினோம்.

இணைத்தபின் விண்டோஸ் விசையுடன் 'பி'யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். 'டூப்ளிகேட்' என்பதில் விட்டுவிட்டு, இரண்டிலும் ஒரே காட்சி தெரிகிறதே என்று சலித்துக்கொண்ட நண்பர்களை நாம் அறிவோம். டிஸ்பிளே செட்டிங்ஸில் 1, 2 என்று தோன்றும் கட்டங்களை மேசையில் உள்ளபடியே இடம் மாற்றி வைக்காவிட்டால், சுட்டெலி இடப்புறம் போக வேண்டிய நேரத்தில் சுவரில் முட்டி நிற்கும்.

நாம் வற்புறுத்த விரும்புவது வேறொன்று: இரண்டாம் திரையை நெடுக்காக நிறுத்துங்கள். அகலத்திரை திரைப்படத்துக்கு உகந்தது, நூற்பக்கமோ நெட்டையானது. தாங்கி சுழலுமாயின் 90 பாகை திருப்பி, அமைப்பில் 'போர்ட்ரெய்ட்' என்று மாற்றினால் ஒரு பக்கம் முழுதாகக் காணக்கிடைக்கும். மலிவான டி.என். வகைத் திரைகளைத் திருப்பினால் பக்கவாட்டுப் பார்வையில் நிறம் மங்கும், ஐ.பி.எஸ். வகையில் அக்குறை குறைவு. மடிக்கணினியையும் கண் மட்டத்துக்கு உயர்த்துதல் கழுத்துக்கு நலம். தடித்த நூல்கள் இரண்டை அடியில் வைத்திருக்கிறோம். பெயரைச் சொன்னால் அவற்றின் ஆசிரியர்கள் வருந்துவர்.

இரு திரைகள் கவனத்தைச் சிதறடிக்கும் என்பாரும் உளர். அதில் உண்மை உண்டு. கட்டுரை எழுதும்போது நாமே இரண்டாவதை அணைத்துவிடுகிறோம். ஆனால் எழுதுவது வேறு, ஒப்பிடுவது வேறு.

முன்னர்த் தட்டச்சு செய்து முடித்த அதே உரைநூலை இப்போது இரு திரைகளில் வைத்து மீண்டும் பார்த்துவருகிறோம். நாற்பது பக்கங்களுக்குள் விடுபட்ட வரிகள் இன்னும் இரண்டு அகப்பட்டிருக்கின்றன.