கண்ணீரே ஆயுதம்

எட்மண்ட் மெக்மில்லனும் ஃப்ளோரியன் ஹிம்ஸலும் 2011இல் வெளியிட்ட 'தி பைண்டிங் ஆஃப் ஐசக்' கணினி விளையாட்டில், கடவுளின் கட்டளை என்று நம்பித் தன்னைக் கொல்லவரும் தாய்க்கு அஞ்சி ஒரு சிறுவன் நிலவறைக்குள் குதிக்கிறான். அங்குள்ள அரக்கர்களை அவன் கண்ணீரால் எதிர்க்கிறான். மரக்கரண்டி, இடுப்பு வார் என அடிக்கப் பயன்படும் வீட்டுப் பொருள்களே அவன் வேகத்தைக் கூட்டுகின்றன. இறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அறைகளோ ஒவ்வொரு முறையும் மாறியிருக்கும். இந்த விதியைச் சவாலுக்கான உத்தி என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அஞ்சிய மனம் ஒரே துயரத்தை வெவ்வேறு கற்பனைகளாகத் திரும்பத் திரும்பப் புனைவதை அது ஆடுபவருக்கு உணர்த்துகிறது. இந்த விளையாட்டு மத உணர்வைப் புண்படுத்துகிறது என்பது ஓர் ஆட்சேபம். 2012இல் விளையாட்டு நிறுவனமான நின்டென்டோவும் மத உள்ளடக்கத்தைக் காரணம் காட்டியே விளையாட்டை ஏற்க மறுத்தது. ஆனால், நம்பிக்கையின் பெயரால் குழந்தைமீது ஏவப்படும் வன்முறையையே இந்த விளையாட்டு விசாரிக்கிறது. அந்த விசாரணையைத் தடுப்பது எந்தக் குழந்தையையும் காக்காது.