முட்டைப் பெட்டிக்கு எவ்வளவு தண்ணீர்?

ஜாபுவா மாவட்டத்துக் கடக்நாத் கோழிக்கறிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு நாக்பூரில் வீடு கட்டித் தங்கிவிட்ட நம்மவர் சிலருக்கும் கருங்கோழி ஆசை வந்திருக்கிறது. முட்டை வாங்கி, மின்சாரக் குஞ்சு பொரிப்பானில் வைத்து, 21 நாள் காத்திருக்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் சங்கத்தில் என்னைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றே: "சார், பெட்டிக்குள் ஈரப்பதம் எத்தனை சதவீதம் வைக்க வேண்டும்?" முட்டை எத்தனை கிராம் குறைந்தது என்றல்லவா அவர்கள் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. உள்ளே இருக்கும் நீர் அவற்றின் வழியே ஆவியாகிறது. அப்படிக் குறையக் குறைய, மழுங்கிய முனையில் உள்ள காற்றறை பெரிதாகிறது. குஞ்சு தன் முதல் மூச்சை எடுப்பது அந்த அறையில்தான். பெட்டியில் ஈரம் மிஞ்சினால் காற்றறை சிறுத்துவிடும். குஞ்சு ஊதிப்போய், திரும்ப இடமின்றி ஓட்டுக்குள்ளேயே மடியும். ஈரம் போதாவிட்டால் உட்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

நண்பர் ஒருவர் மார்ச் மாதம் பெட்டியின் இரு வாய்க்கால்களிலும் தினம் நீர் நிரப்பி, 24 முட்டையில் 17 குஞ்சு எடுத்தார். ஆகஸ்டில் அதே பெட்டி, அதே நீர், கிடைத்தது 6. மீதியை உடைத்துப் பார்த்தால் பல முட்டைகளில் இறகு முளைத்து முழுதாக வளர்ந்த குஞ்சுகள். கூட நின்ற பேத்தி அன்று சாப்பிடவில்லை. முட்டை விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றார் நண்பர். இறகு முளைக்கும் வரை கரு வளர்ந்திருக்கும்போது முட்டையைக் குறை சொல்லி என்ன பயன்?

கணக்குப் போட்டால் விளங்கும். பெட்டி வெளிக் காற்றை இழுத்து 37.5 டிகிரிக்குச் சூடாக்குகிறது. சூடாக்கும்போது காற்றிலுள்ள நீர் கூடுவதில்லை, ஈரப்பத சதவீதம் மட்டும் இறங்குகிறது. ஆகஸ்டில் 28 டிகிரி, 85 சதவீதக் காற்று பெட்டிக்குள் போனால், ஒரு சொட்டு நீர் ஊற்றாமலே சுமார் 50 சதவீதம் நிற்கும். முதல் 18 நாளுக்கு அதுவே போதும். மார்ச் பிற்பகலில் 35 டிகிரி, 20 சதவீதக் காற்று உள்ளே போனால் 17, 18தான். குளிர்காலத்தையும் நம்ப வேண்டாம்; 20 டிகிரி, 50 சதவீதக் காற்றும் உள்ளே 18 சதவீதமாகிவிடும். மே மாதம் இன்னொரு வேடிக்கை. அறை 40 டிகிரியைத் தாண்டினால் நம் பெட்டியால் குளிர்விக்க முடியாது, ஆகையால் கூலர் ஓடும் அறையில்தான் வைக்க வேண்டும். கூலர் ஈரக் காற்றை ஊதுவதால் பெட்டிக்குள் 40 சதவீதம் தானே வந்துவிடும். கடலூரில் இருக்கும் மைத்துனர் "தண்ணீரே வேண்டாம் மாமா" என்று போனில் சொன்னால், அது கடலோரக் காற்றுக்குச் சரி.

ஆகவே சமையலறைத் தராசை எடுங்கள். 18 நாளில் முட்டை சுமார் 12 சதவீத எடை இழக்க வேண்டும். 50 கிராம் வீதம் 12 முட்டை என்றால் முதல் நாள் 600 கிராம். ஒன்பதாம் நாள் 564, பதினெட்டாம் நாள் 528. நாளுக்கு 4 கிராம். மூன்று நாளுக்கு ஒரு தரம் நிறுத்துக் குறித்து வையுங்கள். வேகமாகக் குறைந்தால் நீர்ப் பரப்பைக் கூட்டுங்கள், குறையாவிட்டால் ஒரு வாய்க்காலைக் காய விடுங்கள். பரப்பு என்று சொல்வதைக் கவனிக்கவும்: ஆழமான டம்ளரை விட அகன்ற தட்டுதான் ஈரம் கொடுக்கும். ஈரத்தைக் கூட்டுவதற்காகக் காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள், உள்ளே உயிர்கள் மூச்சு விடுகின்றன.

மலிவான ஈரமானிகளை நான் நம்புவதில்லை. ஒரு பாட்டில் மூடியில் உப்பைச் சேறு பதத்துக்கு நனைத்து, மானியோடு சேர்த்து காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் ஓர் இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். 66 காட்டினால் 9 குறைவாகக் காட்டுகிறது என்று பெட்டி மேல் எழுதி ஒட்டுங்கள்.

கடைசி மூன்று நாள் கதை வேறு. அப்போது 65 முதல் 70 சதவீதம் வேண்டும். முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, ஈரத் துணியையோ ஸ்பாஞ்சையோ வைத்து மூடிவிடுங்கள். என் அம்மா அடைக்கோழியிடம் அந்த நாட்களில் எங்களை அண்ட விடமாட்டாள்; நாமோ பேரப்பிள்ளைகளுக்குக் காட்டவென்று நாளுக்குப் பத்துத் தரம் திறக்கிறோம். ஒவ்வொரு தரமும் ஈரம் சட்டென்று விழுந்து, ஓட்டைக் கொத்திய குஞ்சின் சவ்வு காய்கிறது. முதல் கொத்துக்குப் பின் வெளிவர 24 மணி நேரம்கூட ஆகலாம். பொரிந்த குஞ்சும் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் கொண்டு ஒரு நாள் தாராளமாகத் தாங்கும். உடம்பு காய்ந்து பஞ்சு போலான பிறகு எடுத்தால் போதும். குழந்தைகளுக்குக் கண்ணாடி வழியாகக் காட்டுங்கள்.