புது சொப்ட்வெயார் போடுமுன் பழைய குரல்களைப் பாருங்கள்

வீட்டிலேயே கஸீதா, இஸ்லாமியப் பாடல் ரெக்கோர்ட் பண்ணும் தம்பிமார் ஊரில் பெருகிவிட்டார்கள். சந்தோசம்தான். பலரின் லெப்டொப்பில் இருப்பது இலவசமாகக் கிடைக்கும் ஒடாசிட்டி. பழைய 2ஆம் பதிப்பை விட்டுப் புதியதுக்கு மாறுங்கள் என்றுதான் நாமும் சொல்கிறோம். 2022இல் வந்த 3.2 முதல், பாட்டு ஓடும்போதே எக்கோவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். (குறைத்தால் ஊருக்கும் நல்லது!)

ஆனால் அவசரப்பட வேண்டாம். பழைய பதிப்பில் ஒரு ப்ரொஜெக்ட் என்றால் ஒரு சின்ன ஃபைலும், பக்கத்தில் 'டேட்டா' என்று முடியும் ஒரு ஃபோல்டரும். குரல் முழுக்க அந்த ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது. ஃபைலை மட்டும் பென்டிரைவில் கொப்பி பண்ணிவிட்டு லெப்டொப்பை ஃபோர்மட் அடித்தால், புதியதில் திறக்கும்போது ஒரு சத்தமும் வராது. 2021 மார்ச்சில் வந்த 3.0 முதல் எல்லாம் ஒரே ஃபைலுக்குள் வந்துவிட்டது. அந்த ஃபைலைப் பழைய பதிப்பு திறக்காது.

பிள்ளைகளின் பாட்டுப் போனால் நாளைக்கும் பாடுவார்கள். களிகம்பு அண்ணாவிமார், கவி சொன்ன உம்மம்மாமார் குரலும் அதே லெப்டொப்களில்தான் கிடக்கிறது. அவர்களில் சிலர் மௌத்தாகிவிட்டார்கள்.

ஆகவே, மாறுவதற்கு முன் ஒவ்வொன்றையும் பழைய பதிப்பிலேயே திறந்து, வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ணி இரண்டு இடத்தில் வையுங்கள். எம்பி3 மட்டும் போதாது, அது சத்தத்தில் கொஞ்சத்தை வெட்டிவிடும். வேவ் என்றால் ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. 16 ஜீபி பென்டிரைவில் ஒரு நாள் முழுக்கக் கேட்கும் அளவு பிடிக்கும். செய்யத் தெரியாதவர்கள் ஒன்றையும் அழிக்காமல் லெப்டொப்பை அப்படியே பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள், செய்து தருவோம்.