வேப்பமரத்தடிச் சமாதி



கோபியில் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்தவர்கள், வேப்பமரத்தடியில் ஒரு சமாதியைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் குடும்பத்தில் எரிப்பதுதான் வழக்கம். இது ஒன்று மட்டும் ஏன் தனியாக இருக்கிறது என்று பலர் கேட்டதுண்டு.

அது எங்கள் அப்பாருவின் முதல் மனைவி. கைக்குழந்தையை விட்டுவிட்டுப் பெரியம்மையில் போய்விட்டார். அம்மை கண்டு இறந்தவர் உடம்பில் அம்மன் இருக்கிறாள், தீ வைக்கக் கூடாது என்பது அந்தக் கால நம்பிக்கை. அதனால் தோட்டத்திலேயே புதைத்தார்கள். குழந்தையை வளர்க்க அவருடைய தங்கையையே அப்பாருவுக்குக் கட்டி வைத்தார்கள். அந்தக் குழந்தைதான் என் அப்பா. நான் ஆத்தா என்று கூப்பிட்டது அந்தத் தங்கையை.

ஆத்தா இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே விளக்கு வைப்பார். "அக்காவுக்குச் சாமி" என்பார். பெயரைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

1796-இல் ஜென்னர் அம்மைத் தடுப்பூசி கண்டுபிடித்ததையும், 1980-இல் உலகமெங்கும் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக அறிவித்ததையும் வருடந்தோறும் வகுப்பில் நடத்தியவன் நான். அந்த நோய் கொண்டுபோன என் சொந்தப் பாட்டியின் பெயர் எனக்குத் தெரியாது. இன்று சொல்லவும் ஆள் இல்லை.

இப்போது தோட்டத்தை விற்கும் பேச்சு நடக்கிறது. தம்பி மகன், "பெரியப்பா, சமாதி இருக்குதுன்னா வெலையக் கொறப்பாங்கங்க, மட்டம் பண்ணிரலாமுங்க" என்கிறான். அவன் மேல் கோபமில்லை. யாருடையது என்று நாங்கள்தானே சொல்லி வளர்க்கவில்லை!

பூமியை விற்பதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். படிப்பு, கல்யாணம், கடன் என்று எல்லோருக்கும் தேவை இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சென்ட் இடத்தையும் அதற்குப் போகும் தடத்தையும் கிரயத்தில் சேர்க்காமல், எல்லை குறித்துப் பத்திரத்திலேயே எழுதி நிறுத்திக்கொள்ளலாம். கொஞ்சம் விலை குறைந்தால் குறையட்டும். அவர் பெற்ற பிள்ளையின் வம்சம்தான் நாங்கள்.

உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒரு கல்லோ மேடோ இருக்கலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். யார், என்ன பெயர், எப்படி இறந்தார், யாருக்கு என்ன முறை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முக்கியமாகப் பெண்களின் பெயரை எழுதுங்கள். அதுதான் முதலில் மறந்து போகிறது.

இது உங்கள் ஆசிரியர் தரும் வீட்டுப்பாடம். நான் செய்யாமல் விட்டதும் இதுதான்.