வாடகை எவ்வளவு கடனைத் தாங்கும்?

சென்னையில் நாலு போர்ஷன் உள்ள வீடு ஒன்றை வாங்கிப் போட்டால் வாடகையே வங்கித் தவணையைக் கட்டிவிடும் என்ற நம்பிக்கை நடுத்தரக் குடும்பங்களிடம் ஆழமாக இருக்கிறது. இன்றைய விலையில் அது நடக்காது. உதாரணத்துக்கு, வீட்டின் விலை 3 கோடி, போர்ஷனுக்கு வாடகை 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 72,000, ஆண்டுக்கு 8.64 லட்சம். முழு விலைக்கும் பதிவு செய்தால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதாவது 27 லட்சம் கூடுதலாகப் போகும். தரகர்கள் சொல்லும் கணக்கில் இது பெரும்பாலும் வருவதில்லை. சொத்து வரி, ஆள் மாறும்போது அடிக்கும் வெள்ளை, பழுதாகும் மோட்டார், கோடையில் லாரித் தண்ணீர், காலியாகக் கிடக்கும் மாதங்கள் என்று வாடகையில் கால் பங்கை ஒதுக்கினால் கையில் நிற்பது மாதம் 54,000. போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 2 சதவீதம்கூடத் தேறவில்லை. 2 கோடி கடனுக்கு 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணையோ மாதம் 1.80 லட்சம்.

வாடகை ஏறுமே என்பார்கள். ஆண்டுக்கு 5 சதவீதம் விடாமல் ஏறினாலும், செலவைக் கழிக்காத முழு வாடகை அந்தத் தவணையை எட்டவே 19 ஆண்டுகள் ஆகும். அதற்குள் கடனே முடியும் தறுவாய்க்கு வந்துவிடும். வரிச் சலுகையும் பெரிதாகக் கைகொடுக்காது. வீட்டுக் கடன் வட்டியால் வரும் நட்டத்தில் பழைய வரிமுறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் சம்பளத்தில் கழிக்கலாம், புதிய முறையில் அதுவும் இல்லை. நிலத்தின் விலை கூடும் என்ற வாதத்தில் மட்டும் நியாயம் உண்டு. அடுக்குமாடியில் கிடைப்பது பிரிக்கப்படாத பங்கு, இங்கே மனை முழுதும் உங்களுடையது. ஆனால் 2013-க்குப் பிறகு சென்னையின் பல பகுதிகளில் விலை ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தது. அப்படிப்பட்ட காலத்தில் மாதம் ஒன்றேகால் லட்சம் சொந்தக் கையிலிருந்து போட்டுத் தாக்குப்பிடிக்க எத்தனை குடும்பங்களால் முடியும்?

ஆகவே விலை பேசும் முன் வாடகையிலிருந்து தொடங்க வேண்டும். பட்டா, வில்லங்கச் சான்று மட்டும் போதாது. மொட்டை மாடிப் போர்ஷன் அனுமதி வரைபடத்தில் இருக்கிறதா, போர்ஷனுக்குத் தனி மின் மீட்டர் உண்டா என்று நேரில் பார்க்க வேண்டும். அனுமதியில்லாத போர்ஷனின் 18,000-ஐ நிரந்தர வரவாக எழுதிக்கொள்ளக் கூடாது. நான்கும் சரியாக இருந்தாலும் மாதம் 54,000 ரூபாய் சுமக்கும் கடன் 60 லட்சம்தான். மிச்சத்துக்குச் சொந்தப் பணம் இல்லாதவர்கள் இந்த வீட்டை வாங்கக் கூடாது.